நிகழ்வெல்லை இல்லாத மையங்கள்

பால்வீதியின் மையத்தில் இருப்பது எது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் ஒரே வரியில் விடை தந்துவிடுகின்றன: கதிரவனைப்போல் ஏறத்தாழ 43 லட்சம் மடங்கு நிறை கொண்ட ஒரு பெருங்கருந்துளை. அந்த வரியில் உள்ள நிறை, முப்பது ஆண்டுகளாகப் பொறுமையுடன் நடந்த கண்காணிப்பில் அளந்து பெறப்பட்டது. கருந்துளை என்ற முடிவோ, அத்தனை நிறையும் அத்தனை சிறிய இடத்தில் அடைபட்டிருந்தால் அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்ற வாதத்தின் வழியே வந்து சேர்ந்தது. கருந்துளையின் அடையாளம் அதன் நிகழ்வெல்லை, அதாவது உட்புகுந்த ஒளியும் வெளியே மீள முடியாத ஒருவழி எல்லை. அங்கிருந்து எதுவும் வெளிவராது என்பதால், அதை நேரடியாகக் கண்டதாக எவரும் சொல்லிவிட முடியாது. ஆகவே அந்த வாதத்தின் உறுதி, மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து விலக்குவதைப் பொறுத்தே அமைகிறது. அம்மாற்றுகளுள் நெடுநாள் தாக்குப்பிடித்திருப்பது, விண்மீன்திரள்களைச் சூழ்ந்திருக்கும் கரும்பொருளே நடுவில் செறிந்து ஒரு பந்தாகத் திரண்டிருக்கலாம் என்ற கருத்தாகும்.

மையத்தில் உள்ள அந்தப் பொருளின் கதை 1974 பிப்ரவரியில் தொடங்குகிறது. புரூஸ் பாலிக், ராபர்ட் பிரவுன் என்ற இரு அமெரிக்க வானியலாளர்கள் கிரீன் பேங்க் ஆய்வகத்தின் ரேடியோ குறுக்கீட்டுமானியைக் கொண்டு, தனுசு விண்மீன் குழுவின் திசையில் மிகச் சிறிய, மிகப் பிரகாசமான ரேடியோ மூலம் ஒன்றைக் கண்டனர். பின்னர் பிரவுன் அதற்குச் சஜிட்டேரியஸ் ஏ* என்று பெயரிட்டார். பூமிக்கும் அதற்கும் இடையே சுமார் 27,000 ஒளியாண்டுத் தொலைவும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியை முற்றிலும் மறைத்துவிடும் தூசுப் படலங்களும் இருப்பதால், தூசை ஊடுருவி வரும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டே அப்பகுதியின் விண்மீன்களைக் காண முடிகிறது. ரைன்ஹார்ட் கென்செல் தலைமையிலான குழு சிலி நாட்டுத் தொலைநோக்கிகளிலும், ஆண்ட்ரியா கெஸ் தலைமையிலான குழு ஹவாயின் கெக் தொலைநோக்கிகளிலும் 1990களில் தொடங்கி ஆண்டுதோறும் அந்த விண்மீன்களைப் படமெடுத்து, அவை நகர்வதைப் பதிவு செய்தன. அவற்றுள் எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை மையத்தைச் சுற்றி வருகிறது. 2002ஆம் ஆண்டிலும் 2018 மே மாதத்திலும் அது மையத்துக்கு மிக அருகே, பூமிக்கும் கதிரவனுக்கும் உள்ள தொலைவைப்போல் சுமார் 120 மடங்குத் தொலைவில், நொடிக்கு ஏறத்தாழ 7,700 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து சென்றது.

இந்த எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்று சற்று நின்று கவனிப்பது நல்லது. ஒரு விண்மீனின் சுற்றுப்பாதை, அப்பாதைக்கு உள்ளே அடங்கியிருக்கும் நிறையைத்தான் அளந்து காட்டுகிறது. அந்த நிறை உள்ளே ஒரு புள்ளியாக ஒடுங்கியிருக்கிறதா, அல்லது ஒரு கோளமாகப் பரவியிருக்கிறதா என்பதைப் பாதைக்கு வெளியே நின்று சொல்ல இயலாது என்பது நியூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. 43 லட்சம் கதிரவன்களின் நிறைக்கு உரிய நிகழ்வெல்லையின் ஆரம் ஏறத்தாழ 1.27 கோடி கிலோமீட்டர். எஸ்2 அதைப்போல் சுமார் 1,400 மடங்குத் தொலைவில்தான் கடந்தது. அந்த முழு நிறையையும் எஸ்2 நெருங்கிய தொலைவையே ஆரமாகக் கொண்ட கோளத்தில் சீராகப் பரப்பினால் கிடைக்கும் அடர்த்தி, மனிதர் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! ‘பயங்கரமான செறிவு’ என்று பத்திரிகைகள் எழுதும் பொருள், விண்மீன்கள் தந்த சான்றை மட்டும் வைத்துப் பார்த்தால், காற்றைவிட மெல்லியதாகவும் இருக்கலாம். 2020ஆம் ஆண்டு நோபல் பரிசை கென்செலுக்கும் கெஸ்ஸுக்கும் வழங்கிய குழு, அவர்கள் கண்டறிந்ததை அதிநிறை கொண்ட செறிபொருள் என்று மட்டுமே குறிப்பிட்டது; கருந்துளை என்பதை அதே ஆண்டு பரிசைப் பகிர்ந்துகொண்ட ரோஜர் பென்ரோஸின் கோட்பாட்டுப் பணியோடு நிறுத்திக்கொண்டது. அந்த எச்சரிக்கை நியாயமானது.

அப்படியானால் உள்ளே வேறு எது இருக்க முடியும்? மங்கிய விண்மீன்களும் நியூட்ரான் விண்மீன்களும் அடங்கிய ஒரு கூட்டம் என்பது முதலில் தோன்றும் விடை. ஆனால் அவ்வளவு நெருக்கமான கூட்டத்தில் உறுப்புகள் ஒன்றோடொன்று மோதியும், ஒன்றையொன்று வெளியே எறிந்தும், விண்மீன்திரளின் வயதோடு ஒப்பிட மிகக் குறுகிய காலத்தில் கலைந்துவிடும் என்று 1998இல் எயால் மாவோஸ் கணக்கிட்டுக் காட்டியதோடு அவ்விடை ஏறத்தாழ முடிந்துபோயிற்று. எஞ்சி நின்றது, கணக்கற்ற நுண்துகள்களால் ஆன பந்து. அதற்கு வேண்டிய மூலப்பொருள் அண்டமெங்கும் நிரம்பிக் கிடக்கிறது. 1933இல் கோமா விண்மீன்திரள் கொத்தை ஆராய்ந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும், 1970 முதல் சுருள்வடிவ விண்மீன்திரள்களின் சுழற்சியை அளந்த வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் காட்டியபடி, ஒளியை உமிழாமலும் மறைக்காமலும் ஈர்ப்பால் மட்டுமே தன்னை வெளிப்படுத்தும் கரும்பொருள் இருக்கிறது; இன்றைய மதிப்பீட்டில் அது சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

எனினும் கரும்பொருள் தானாகவே ஒரு சிறு பந்தாகச் சுருங்கிவிடாது. சுருங்கினாலும், சுருங்கிய நிலையில் அது நிலைத்து நிற்க உள்ளிருந்து தாங்கும் அழுத்தம் ஒன்று வேண்டும். அத்தகைய அழுத்தத்தைக் குவாண்டம் இயற்பியல் ஃபெர்மியான்கள், போசான்கள் என்ற இருவகைத் துகள்களுக்கும் இருவேறு விதமாகத் தருகிறது. எலக்ட்ரான், நியூட்ரான், நியூட்ரினோ முதலியவை ஃபெர்மியான்கள் எனப்படும். ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு ஃபெர்மியான்கள் இருக்க முடியாது என்பது வுல்ஃப்காங் பௌலியின் தவிர்ப்பு விதி. இருக்கை எண்ணிட்ட திரையரங்கில் முன்வரிசைகள் நிரம்பியபின் வருவோர் பின்வரிசைக்குப் போவதைப்போல, நெருக்கப்பட்ட ஃபெர்மியான்களில் குறைந்த வேக நிலைகள் நிரம்பியபின் எஞ்சியவை உயர்ந்த வேக நிலைகளுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், வெப்பம் சிறிதும் இல்லாதபோதும் அவை வெளிநோக்கி அழுத்துகின்றன. வெண்குறுமீன்களைத் தாங்கி நிற்பது எலக்ட்ரான்களின் இந்த அழுத்தமே என்று ரால்ஃப் ஃபவுலர் 1926இல் விளக்கினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், அவ்வழுத்தம் எல்லையற்றது அன்று என்பதையும், கதிரவனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் அதனால் தாங்க இயலாது என்பதையும் கண்டார். கருந்துளைக்கு வழிவிட்ட அதே கணக்குதான், கருந்துளைக்கு மாற்றாக முன்வைக்கப்படும் பந்துக்கும் அடிப்படை.

நியூட்ரான்களுக்கான அதே எல்லையை, பொதுச் சார்பியலைச் சேர்த்து, 1939இல் ராபர்ட் ஓப்பன்ஹைமரும் ஜார்ஜ் வோல்காஃபும் கணக்கிட்டனர். நியூட்ரான்கள் தமக்குள் வேறு விசை எதையும் செலுத்துவதில்லை என்று கொண்டால் அந்த எல்லை கதிரவனின் நிறையில் 0.7 மடங்கு. அவர்கள் கணக்கில் ஒளிந்திருக்கும் ஒரு விதிதான் இங்கே முக்கியம்: தாங்கக்கூடிய உச்ச நிறை, துகளின் நிறையின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைகிறது. துகள் ஆயிரம் மடங்கு இலேசானால் பந்து பத்து லட்சம் மடங்கு கனமாக இருக்கலாம். துகள்களின் நிறையை இயற்பியலாளர்கள் எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகால் குறிப்பர். எலக்ட்ரானின் நிறை 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட், நியூட்ரானின் நிறை 9,39,000 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று அதிகம். பால்வீதி மையத்தின் 43 லட்சம் கதிரவன் நிறையைத் தாங்க வேண்டுமானால், துகளின் நிறை ஏறத்தாழ 380 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதாவது எலக்ட்ரானைவிட இலேசான, மின்னூட்டமற்ற, இதுவரை எந்த ஆய்வகத்திலும் அகப்படாத ஒரு ஃபெர்மியான் வேண்டும்.

இக்கருத்தை முதலில் ஊன்றி வளர்த்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ராவுல் வியோலியேயும் அவருடைய கூட்டாளிகளும் ஆவர். 1993 முதல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகளில், பத்திலிருந்து இருபது கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் நிறை கொண்ட நியூட்ரினோக்களால் ஆன பந்துகள், விண்மீன்திரள் மையங்களின் கருந்துளைகளுக்கு மாற்றாக வைக்கப்பட்டன. 17 கிலோ எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரினோ ஒன்று கண்டறியப்பட்டதாக 1985இல் வந்த செய்தி அப்போது பேச்சில் இருந்தது; அது சோதனைப் பிழை என்று பின்னர் தெளிவாயிற்று. அந்த முன்மொழிவின் அழகு, ஒரே துகளைக் கொண்டு எல்லா மையங்களையும் விளக்க முயன்றதில் இருந்தது. துகளின் நிறை பதினைந்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருந்தால், உச்ச நிறை கதிரவனைப்போல் சில நூறு கோடி மடங்கு வரும். அக்காலத்தில் அறியப்பட்ட மிகப்பெரிய மையப்பொருளான எம்87 விண்மீன்திரளின் மையத்துக்கு அது ஏறத்தாழப் பொருந்தியது. ஆனால் ஃபெர்மியான் பந்துகளுக்கு விசித்திரமான ஒரு குணம் உண்டு: நிறை குறையக் குறைய அவை பெருக்கின்றன. ஆகவே எம்87இல் செறிவாக இருக்கும் பந்து, பால்வீதியின் சிறிய நிறைக்கு வரும்போது பல ஒளிநாள் ஆரமுள்ள மேகமாக ஊதிவிடும். 2002இல் எஸ்2 மையத்திலிருந்து 17 ஒளிமணித் தொலைவில், ஒரு புள்ளியைச் சுற்றும் நீள்வட்டத்தில் பிசகின்றிச் சென்றதைக் கென்செலின் குழு அறிவித்தபோது, அந்த மேகத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. பந்துக்குள் புகுந்திருந்தால் விண்மீனை இழுக்கும் நிறை உள்ளே செல்லச் செல்லக் குறைந்திருக்கும். பாதையும் நீள்வட்டமாக நீடித்திருக்காது. கோட்பாடுகள் இவ்வளவு தெளிவாகத் தோற்பது அறிவியலில் அரிது.

தோற்ற கருத்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் புதிய உருவில் திரும்பி வந்தது. 2015இல் ரெமோ ருஃபினி, கார்லோஸ் ஆர்குவெய்யஸ், ஹோர்ஹே ருவேதா ஆகியோர் முன்வைத்த மாதிரியில், மையத்துப் பந்தும் விண்மீன்திரளைச் சூழ்ந்த கரும்பொருள் உறையும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. ஒரே ஃபெர்மியான் கூட்டம், நடுவில் குவாண்டம் அழுத்தத்தால் தாங்கப்படும் செறிந்த உள்ளகமாகவும், வெளியே பல்லாயிரம் ஒளியாண்டுகளுக்குப் பரவிய மெல்லிய உறையாகவும் தொடர்ச்சியாக அமைகிறது. பால்வீதியின் சுழற்சியையும் எஸ்2இன் பாதையையும் ஒருசேரப் பொருத்தியபோது, துகளின் நிறை 48 முதல் 345 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கலாம் என்று 2018இல் இக்குழுவினர் கணக்கிட்டனர். கீழ் எல்லை எஸ்2 நெருங்கிய தொலைவுக்குள் உள்ளகம் அடங்க வேண்டும் என்பதிலிருந்தும், மேல் எல்லை உள்ளகம் சரிந்து கருந்துளையாகிவிடக் கூடாது என்பதிலிருந்தும் வருகின்றன. 1971இல் ஜான் வீலருடன் சேர்ந்து கருந்துளையை இயற்பியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய புகழ்பெற்ற கட்டுரையை எழுதியவரும் இதே ருஃபினிதான் என்பது குறிப்பிடத்தக்கது.

புதிய மாதிரி முந்தையதைப்போல எளிதில் வீழவில்லை. துகளின் நிறையை 56 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று கொண்டால் எஸ்2இன் பாதையையும் வேகத்தையும் கருந்துளை மாதிரிக்கு ஈடாகப் பொருத்த முடிகிறது என்று 2020இல் இக்குழு காட்டியது. 2021இல் அதே முறை மேலும் பதினாறு விண்மீன்களுக்கு விரிக்கப்பட்டது. எஸ்2இன் ஒளி 2018இல் மையத்தை நெருங்கியபோது சிவப்பு நோக்கி இடம்பெயர்ந்ததும், அதன் நீள்வட்டம் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 12 கலை அளவு முன்னோக்கித் திரும்புவதும் கிராவிட்டி என்ற கருவியின் துணையோடு அளக்கப்பட்டுள்ளன. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கே ஒரு கலை. இவை ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சரி என்பதைக் காட்டுகின்றனவே ஒழிய, நடுவில் நிகழ்வெல்லை இருப்பதைக் காட்டவில்லை. ஏனெனில் அத்தொலைவில் செறிந்த எந்தப் பொருளும் ஏறத்தாழ அதே விளைவைத் தரும். ஆனால் பாதைக்குள் நிறை பரவிக் கிடந்தால் நீள்வட்டம் எதிர்த்திசையில் திரும்ப முயலும். அப்படிப்பட்ட எதிர்நகர்வு காணப்படாததால், எஸ்2இன் பாதைக்குள் பரவலாக இருக்கக்கூடிய நிறை மைய நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்தான் என்று 2020இலேயே வரம்பிடப்பட்டது. உள்ளகம் எஸ்2இன் அண்மைப் புள்ளிக்குள் முழுதும் அடங்கிவிட்டால் இந்த வரம்பு அதைத் தொடாது. ஒவ்வொரு புதிய அளவீட்டுக்கும் துகளின் நிறையைச் சற்று உயர்த்தித் தப்பிவிடும் வாய்ப்பு இம்மாதிரிக்கு இருக்கிறது. பலமும் பலவீனமும் அதுவே.

விண்மீன்களை விட்டு உள்ளே சென்றால் நிலைமை மாறுகிறது. சஜிட்டேரியஸ் ஏ* அவ்வப்போது அகச்சிவப்பில் பளிச்சிடும். 2018இல் கிராவிட்டி கருவி அத்தகைய பளிச்சீடுகளின்போது ஒளிப்புள்ளி மையத்தைச் சுற்றி நகர்வதைக் கண்டது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ஒளியின் வேகத்தில் சுமார் 30 விழுக்காடு, நிகழ்வெல்லை ஆரத்தைப்போல் மூன்றரை மடங்கு அளவிலான தொலைவு. அந்த வேகத்தில் ஒரு பொருளைப் பிடித்து வைத்துச் சுற்றவிட, 43 லட்சம் கதிரவன்களின் நிறை முழுவதும் அச்சிறு வட்டத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். 56 கிலோ எலக்ட்ரான் வோல்ட் துகள்களால் ஆன உள்ளகமோ நூறு வானியல் அலகு ஆரத்துக்குப் பரவியது. ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் கதிரவனுக்கும் உள்ள சராசரித் தொலைவு. பளிச்சீட்டு வட்டத்துக்குள் அந்த உள்ளகத்தில் எவ்வளவு நிறை அடங்கும் என்று எளிய கணக்குப் போட்டால், ஒரு கதிரவனின் நிறையளவே தேறும். அந்த ஈர்ப்பில் சுற்றும் வாயு நொடிக்குச் சில பத்துக் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்ல முடியும். காணப்பட்டதோ நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர். ஒளிப்புள்ளியின் நகர்வு ஈர்ப்பால் நேர்ந்த சுற்றே அன்று, காந்தப்புலத்தால் உந்தப்பட்ட வாயுவின் ஓட்டமோ அலையோ ஆகலாம் என்று சொல்ல இடமுண்டு. ஆனால் வெவ்வேறு பளிச்சீடுகள் ஒரே அளவு வட்டத்தையும் ஒரே அளவு காலத்தையும் காட்டி, அவை விண்மீன்கள் தந்த அதே நிறைக்குப் பொருந்தியும் வரும்போது, அதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம்.

நிகழ்வெல்லைத் தொலைநோக்கி என்று பெயர் பெற்ற உலகளாவிய ரேடியோத் தொலைநோக்கி வலையமைப்பு 2017 ஏப்ரலில் எடுத்த தரவுகளிலிருந்து, எம்87இன் படம் 2019 ஏப்ரல் 10 அன்றும், சஜிட்டேரியஸ் ஏ*இன் படம் 2022 மே 12 அன்றும் வெளியாயின. இரண்டாவதில் தெரியும் ஒளிவளையத்தின் விட்டம் ஏறத்தாழ 52 மைக்ரோ விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ விகலை). அத்தொலைவில் அது 6.4 கோடி கிலோமீட்டருக்குச் சமம், புதன் கோளின் பாதைக்குள் அடங்கிவிடும். கருந்துளைக்கு அருகே ஒளிக்கதிர்களே வட்டமடிக்கும் ஓர் ஆரம் உண்டு. சுழலாத கருந்துளைக்கு அது நிகழ்வெல்லை ஆரத்தின் ஒன்றரை மடங்கு. வளையமும் நடுவிலுள்ள இருளும் அதன் விளைவு என்று கருந்துளை மாதிரி முன்கூட்டியே சொன்ன அளவு, படத்தோடு பொருந்தியது. ஃபெர்மியான் பந்துக்கு இங்கேதான் மிகப்பெரிய நெருக்கடி. ஓப்பன்ஹைமர்–வோல்காஃப் கணக்கின்படி, சரியும் தறுவாயில் இருக்கும் மிகச் செறிந்த பந்தின் ஆரமும், அதே நிறையின் நிகழ்வெல்லை ஆரத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருக்கும். அதற்குள் ஒளி வட்டமடிக்கும் ஆரம் அமையாது. இம்மாதிரியின் ஆதரவாளர்கள், 2024இல் வெளியான கணினிப் படங்களில், சில நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட் துகள்களாலான செறிந்த உள்ளகத்தைச் சுற்றி ஒளிரும் வாயு வட்டு இருந்தால், நடுவில் நிழல் போன்ற ஒரு மங்கல் தெரியும் என்றும், கருந்துளைக்கு உரிய மெல்லிய ஒளிவளையங்கள் மட்டும் இரா என்றும் காட்டியுள்ளனர். இன்றைய படங்களின் தெளிவு அந்த மெல்லிய வளையங்களைப் பிரித்துக் காட்டப் போதாது என்பது உண்மை. ஆனால் இவ்விடைக்காகத் துகளின் நிறையைச் சில நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு உயர்த்தியபின், உள்ளகம் தன் உச்ச நிறையின் விளிம்பிலேயே நிற்கிறது. இன்னும் கொஞ்சம் வாயுவோ கரும்பொருளோ விழுந்தால் அது கருந்துளையாகச் சரிந்துவிடும். ஆயிரம் கோடி ஆண்டுகளாக அந்த விளிம்பில் தவறாமல் நின்றது எப்படி என்ற கேள்விக்கு மனநிறைவான விடை இல்லை.

ஒரே குவாண்டம் நிலையில் எத்தனை வேண்டுமானாலும் கூடியிருக்கக்கூடிய போசான்களைக் கொண்டு வேறொரு வழியும் உண்டு. போசான்களுக்குப் பௌலியின் விதி பொருந்தாது. ஆனால் ஒரு துகளைச் சிறு இடத்தில் அடைத்தால் அதன் வேகம் உயரும் என்ற ஹைசன்பர்க்கின் ஐயப்பாட்டுக் கொள்கை அவற்றைத் தாங்குகிறது. இத்தகைய போசான் விண்மீன்களின் சமன்பாடுகளை 1968இல் டேவிட் காப் எழுதினார். அடுத்த ஆண்டு ருஃபினியும் சில்வானோ பொனாசோலாவும் தொடர்ந்தனர். இங்கே உச்ச நிறை துகள் நிறையின் முதல்மடிக்கே தலைகீழாக அமைவதால், துகள் கற்பனைக்கு எட்டாத அளவு இலேசாக இருக்க வேண்டும்: சஜிட்டேரியஸ் ஏ* அளவுக்கு ஏறத்தாழ 2×10⁻¹⁷ எலக்ட்ரான் வோல்ட். இப்படிப்பட்ட போசான் விண்மீனுக்குக் கடினமான பரப்பு கிடையாது. அதற்குள் விழும் வாயு துகள்களோடு மோதாமல் ஊடுருவி நடுவில் சேர்ந்துகொண்டே இருக்கும். 2016இல் ஃபிரெடெரிக் வான்சானும் பாரிஸ் ஆய்வாளர்களும் போசான் விண்மீனின் படத்தைக் கணினியில் வரைந்தபோது அது கருந்துளையின் படத்தை வியக்கத்தக்க விதத்தில் ஒத்திருந்தது. ஆனால் வாயு பாயும் முறையையும் சேர்த்து 2020இல் ஹெக்டர் ஒலிவாரெஸ் முதலியோர் செய்த உருவகத்தில், நடுவில் இருள் சிறுத்து, கருந்துளையிலிருந்து வேறுபடுத்தக்கூடிய தோற்றம் வந்தது. போசான் விண்மீனை இன்னும் செறிவாக்கி ஒளிவளையத்தை வரவழைக்கலாம் என்றால், நிகழ்வெல்லை இல்லாத பொருளில் ஒளிவளையங்கள் இரட்டையாகவே தோன்றும் என்பதையும், அவற்றுள் ஒன்று ஒளியைச் சிறைப்பிடித்துப் பொருளையே நிலைகுலையச் செய்யக்கூடும் என்பதையும் பெட்ரோ குன்யா, எமானுவேலே பெர்ட்டி, கார்லோஸ் ஹெர்டெய்ரோ ஆகியோர் 2017இல் நிறுவினர். செறிவு போதாவிட்டால் படம் பொருந்தாது. செறிவு மிகுந்தால் பொருள் நிலைக்காது.

நிகழ்வெல்லைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரு புகழ்பெற்ற வாதம் இவ்விடத்தில் செல்லுபடியாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏவரி பிராடரிக்கும், சென்னையில் இயற்பியல் பட்டம் பெற்ற ரமேஷ் நாராயணும் 2006இல் காட்டியபடி, மையப்பொருளுக்குப் பரப்பு ஒன்று இருந்தால், அதன்மேல் விழும் வாயு தன் ஆற்றலை அங்கே வெப்பமாக இழந்து அகச்சிவப்பில் ஒளிர வேண்டும்; அப்படி ஒளிரவில்லை, ஆகவே பரப்பு இல்லை. பரப்புள்ள மாற்றுகளுக்கு இது கொடிய அடி. கரும்பொருள் பந்து ஊடுருவக்கூடியது, பரப்பற்றது என்பதால் அது இதிலிருந்து தப்பிவிடுகிறது. ஆனால் அப்படித் தப்பும்போது, நடுவில் சேரும் வாயு எங்கே போகிறது, ஏன் அது குளிர்ந்து விண்மீன்களாகவோ ஒளிரும் திரளாகவோ ஆகவில்லை என்ற வேறொரு கணக்கைத் தீர்க்க வேண்டியதாகிறது.

ஃபெர்மியான் மாதிரிக்குப் பால்வீதிக்கு வெளியேயும் ஒரு சிக்கல் உண்டு. எம்87 மையத்தின் நிறை 650 கோடி கதிரவன்கள். அதைப் பந்தாக வைத்திருக்க வேண்டுமானால் துகளின் நிறை 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பால்வீதியோ 48க்குக் குறையாத துகளைக் கேட்கிறது. ஒரே துகளால் இரண்டும் இயலாது. எனவே புதிய மாதிரியின் ஆசிரியர்கள், எம்87இல் இருப்பது உண்மையான கருந்துளைதான் என்று ஒப்புக்கொண்டு, அது எப்படிப் பிறந்தது என்பதற்குத் தம் கோட்பாட்டைப் பயன்படுத்துகின்றனர். 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுள்ள துகளுக்கு உச்ச நிறை 25 கோடி கதிரவன்களுக்கு அருகில் வரும். அதைத் தாண்டிய உள்ளகங்கள் சரிந்து, தொடக்கத்திலேயே பெரிய கருந்துளைகளாகப் பிறந்திருக்கலாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அண்டத்தின் இளம் பருவத்தில் காணும் கருந்துளைகள், விண்மீன்களின் எச்சங்களிலிருந்து வளர்ந்திருக்க முடியாத அளவுக்குப் பெரியனவாக இருப்பது இன்றைய வானியலின் உண்மையான சிக்கல். ஆகவே இந்தப் பகுதி மாதிரியின் மிகப் பயனுள்ள பகுதி என்று கொள்ளத் தகும். ஆனால் இதற்கு வேண்டிய 50ம், மையப் படத்துக்கு வேண்டிய சில நூறும் ஒரே துகளின் நிறையாக இருக்க முடியாது என்பதை அவ்வளவு எளிதாக மறைத்துவிட முடியாது.

வெளிப்புறத்திலிருந்து கிடைத்த சிறு ஆதரவு ஒன்றும் உண்டு. கையா விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு 2023இல் சில குழுக்கள், பால்வீதியின் சுழற்சி வேகம் மிக வெளியே எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறைவதாக அறிவித்தன. ஃபெர்மியான் மாதிரி தரும் உறை வெளிவிளிம்பில் கூர்மையாக முடிவதால் அச்சரிவு அதற்கு இணக்கமானது. ஆனால் அச்சரிவின் அளவே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அது உறுதியானாலும், உறையின் வடிவத்தைப் பற்றிய செய்தியாக இருக்குமே தவிர, மையத்தில் பந்துதான் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

இன்றைய சான்றுகளை எடைபோட்டால், 56 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உள்ளகம் விண்மீன்களின் தேர்வில் தேறி, பளிச்சீடுகளின் தேர்விலும் படத்தின் தேர்விலும் தோற்கிறது. விளிம்பில் நிற்கும் செறிந்த உள்ளகமும் மிகச் செறிந்த போசான் விண்மீனும் முற்றாக விலக்கப்படவில்லை, ஆயினும் அவற்றை நம்பக் காரணமும் பெரிதாக இல்லை. கருந்துளையே மிகச் சிக்கனமான விளக்கம். மேலும் நுணுக்கமான சோதனைகள் தொலைவில் இல்லை. சிலியின் செரோ அர்மசோனஸ் மலையில் 39 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி எழுப்பப்பட்டு வருகிறது; எஸ்2ஐவிட உட்புறத்தில் சுற்றும் மங்கிய விண்மீன்களைத் தேடுவது அதன் பணிகளில் ஒன்று. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்த லிசா என்ற ஈர்ப்பலை ஆய்வகம் 2035 வாக்கில் ஏவப்படவுள்ளது. பிற விண்மீன்திரள்களின் மையங்களுக்குள் சிறு கருந்துளைகள் சுழன்று விழும்போது எழும் அலைகள், அங்கே நிகழ்வெல்லை இருக்கிறதா, ஊடுருவிச் செல்லும் பந்து இருக்கிறதா என்பதை நேராகப் பிரித்துச் சொல்லும். அதற்கு முன், 2034இல், எஸ்2 மீண்டும் ஒருமுறை மையத்தை நெருங்கும்.